யார், யாரிடம், எங்கே: குறுந்தொகைக் காட்சிகளும் மானாவாரி நிலத்து மாணவரும்

தமிழ்த் தேர்வுகளில் ‘நயம் பாராட்டுக’ என்னும் வினா நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. அதற்கு விடை எழுதும் மாணவர் திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, முரண், அணி, சுவை என்று தலைப்புகளை முதலில் வரிசையாக எழுதிக்கொண்டு, பின்னர் பாடலில் அகப்படுவதை அவற்றின்கீழ் நிரப்புவது வழக்கம். இம்முறையைப் பழிப்பதற்கில்லை, ஓசையைக் கவனிக்கவும் அணியை இனங்காணவும் அது ஓரளவு பழக்குகிறது. ஆனால் பாடல் யாருடைய வாயிலிருந்து யாருடைய காதுக்குச் செல்கிறது என்பதை எழுதுவதற்கு அந்த வரிசையில் ஒரு தலைப்புக்கூட இல்லை. சங்கத் தொகைநூல்களின் அகப்பாடல்களைப் பொறுத்தவரை இந்த விடுபாடு சிறியதன்று. ஏனெனில் அப்பாடல்களில் கவிஞர் தம் குரலில் பேசுவதே இல்லை, தலைவியோ தலைவனோ தோழியோ செவிலியோ பரத்தையோ இவர்களைப் போன்ற வேறொருவரோதான் பேசுகின்றனர், அவர்களும் காற்றை நோக்கிப் பேசாமல் எதிரிலிருக்கும் ஒருவரை நோக்கியோ மறைவில் நின்று கேட்கும் ஒருவரை நோக்கியோ தம் நெஞ்சை நோக்கியோ பேசுகின்றனர்.

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய உறுப்புகளாக முப்பத்துநான்கைக் கூறுகிறது. மாத்திரை, அசை, சீர், அடி, தொடை முதலியவை யாப்பைச் சார்ந்தவை. மாணவர் நயம் பாராட்டும்போது எடுத்தெழுதுவன பெரும்பாலும் இவற்றிலிருந்து வருபவையே. அதே பட்டியலில் கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, முன்னம் ஆகியவையும் உள்ளன. கூற்று என்பது பேசுபவரையும், கேட்போர் என்பது அப்பேச்சைக் கேட்கத் தக்கவரையும், களன் என்பது பேச்சு நிகழும் இடத்தையும் குறிக்கின்றன. முன்னம் என்பது, இந்த இடத்தில் இந்தச் சூழலில் இன்னார் இன்னாரிடம் சொல்லத் தக்க சொல் இது என்று படிப்பவர் உய்த்துணரும்படி செய்யுள் அமைந்திருப்பது. இன்று தொனி என்று மாணவர் எழுதுவது இந்த உறுப்புகள் ஒன்றுகூடும் இடத்தில்தான் பிறக்கிறது. மெய்ப்பாடு எட்டு என்று மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கூட, ஒரு பாடலில் உள்ளது அழுகையா இளிவரலா என்பதைப் பேசுபவரையும் கேட்பவரையும் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்.

வேறொரு நாட்டில், வேறொரு நோக்கத்துடன் தொடங்கிய ஆய்வு ஒன்றும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் பதின்மூன்று கவிதைகளை எழுதியவர் பெயரின்றி மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த விளக்கங்களைத் திரட்டி, ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்னும் நூலாக 1929இல் வெளியிட்டார். நன்கு படித்த மாணவர்களே கவிதைகளை எத்தனை வகையாகத் தவறவிடுகின்றனர் என்பதை அந்நூல் காட்டியது. கவிதையின் பொருளை அவர் கருத்து, உணர்ச்சி, தொனி, நோக்கம் என நான்காகப் பகுத்தார். அவற்றுள் தொனி என்று அவர் குறித்தது, பேசுபவர் கேட்பவரிடம் கொண்டிருக்கும் மனநிலையை. அது முன்னத்துக்கு மிக அருகில் நிற்கிறது. மாணவரின் பிழைகளுக்கு அவர் தந்த பெயர்களுள் இரண்டு இங்கே பயன்படும். கவிதையைப் படிக்கும் முன்பே உள்ளத்தில் தயாராக இருக்கும் உணர்ச்சியைக் கவிதையின்மேல் ஏற்றிவிடுவது ஒன்று. கவிதைக்குத் தொடர்பற்ற சொந்த நினைவு குறுக்கிட்டுப் பொருளைத் திருப்பிவிடுவது மற்றொன்று.

ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை 8ஆம் பாடல் இதற்கு நல்ல சோதனை. வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானே உதிரும் கனியைப் பொய்கையில் உள்ள வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரின் தலைவன், பாடலில் பேசுபவளிடம் பெரிய பேச்சுப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போனால் கண்ணாடிக்குள் தெரியும் பாவையைப் போல மனைவி அசைத்தபடியெல்லாம் அசைகிறான் என்பது பாடலின் செய்தி. ‘மருத நிலத்தின் வளம் அழகாக வருணிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் கிடைத்துவிடும், பாடல் கிடைக்காது. பேசுபவள் காதற்பரத்தை; மனைவி தன்னைப் பழித்தாள் என்று அறிந்து, அவளைச் சார்ந்தவர்கள் காதில் விழும்படி அவள் இதைச் சொல்கிறாள் என்பது பாடலின் கீழுள்ள கூற்றுக் குறிப்பு. இதை அறிந்தபின் மாங்கனி வேறாகிவிடுகிறது. தான் வலைவீசிப் பிடிக்கவில்லை, தலைவன் தானே வந்து விழுந்தான் என்பதை அவள் நேராகச் சொல்லாமல் மரத்தையும் மீனையும் வைத்துச் சொல்லிவிடுகிறாள். ஒரு திணைக்குரிய மரம், விலங்கு, பறவை, நீர்நிலை முதலிய கருப்பொருள்களைக் கொண்டு, உவம உருபு எதுவும் இன்றி, சொல்லாத ஒன்றுக்கு ஒப்புமை காட்டும் இந்த முறைக்கு உள்ளுறை உவமம் என்று பெயர். இங்கு உள்ளுறை அழகுக்காக வரவில்லை. சண்டையில் பிடி கொடுக்காமல் பேசுவதற்காக வந்திருக்கிறது. பாடல் முழுவதும் ஏளனம். அந்த ஏளனம் தலைவனைவிட மனைவியைத்தான் குறிவைக்கிறது.

கூற்றுக் குறிப்புகள் பாடலாசிரியர் எழுதியவை அல்ல, பின்னர் வந்தவர்கள் சேர்த்தவை என்பதால் அவற்றைப் புறக்கணித்துப் படிக்கலாம் என்பாரும் உளர். அவை பிற்காலத்தவை என்பது உண்மைதான். ஆயினும் அவை நமக்கு முன் இப்பாடல்களைப் படித்த கூர்மையான மாணவர்கள் விட்டுச்சென்ற விடைகள் என்ற அளவில் மதிக்கத் தக்கவை. ஏ. கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, தலைவி சொன்னது, தலைவன் சொன்னது என்னும் அளவில் இக்குறிப்புகளையே தலைப்பாக்கினார். தமிழறியாத வாசகர்கூட முதலடியிலேயே ஒரு குரலைக் கேட்கத் தொடங்குவதற்கு அது போதுமானதாக இருந்தது.

முன்னோர் படித்ததற்கு மற்றொரு சான்றும் உண்டு. ஆசிரியர் பெயர் தெரியாமற்போன பாடல்களுக்குத் தொகுத்தவர்கள் பாடலில் வந்த காட்சியைக் கொண்டே புலவருக்குப் பெயர் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், குப்பைக்கோழியார், கல்பொரு சிறுநுரையார், நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் என இவை வருகின்றன. கேம்பிரிட்ஜ் ஆசிரியர் இருந்த பெயரை மறைத்து மாணவரின் கண்ணைச் சோதித்தார். தமிழ்த் தொகுப்பாளர்கள் பெயர் இல்லாத இடத்தில், பாடலில் தம் கண் எங்கே நின்றதோ அதையே பெயராக்கினர். ஒரு பாடலின் பல செய்திகளுள் எது உயிரான காட்சி என்று முடிவுசெய்து, அதற்குப் பெயர்வைக்கும் உரிமையையும் எடுத்துக்கொண்ட துணிவு பாராட்டுக்குரியது. இப்பெயர்களில் பல எளிய வாழ்க்கையிலிருந்து வந்தவை என்பதும் கருதத் தக்கது: அரண்மனையும் தேரும் இல்லை, முற்றமும் ஏரும் கயிறும் குப்பைமேடும் இருக்கின்றன.

இங்கேதான் குமாரலிங்கபுரம் முதலாக அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து படிக்க வரும் மாணவருக்கு உரிய இடம் தொடங்குகிறது. இவ்வட்டாரம் பழந்தமிழ்க் கல்விக்குப் புதியதன்று. அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள பாலவநத்தத்தின் ஜமீன்தாராக இருந்த பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று அச்சங்கம் நடத்திய தேர்வுகள் வழியே தமிழாசிரியர்கள் பலர் உருவாயினர். அச்சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழுக்கு முதல் ஆசிரியராக இருந்த ரா. இராகவையங்கார், குறுந்தொகைக்கு விளக்கம் எழுதியவர்களுள் ஒருவர். குறுந்தொகை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் உரையுடன் முதன்முதல் அச்சேறி, 1937இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பாக விரிந்த காலத்தில், இந்தக் கரிசல் காடுகளைச் சேர்ந்த உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைப் படிக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. இன்று பாடநூல் வழியாகவே அது அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

வறண்ட நிலம் என்பதால் இவ்வட்டாரத்தைப் பாலை என்று சொல்லிவிடும் பழக்கம் மேடைகளில் உண்டு. மாணவரும் அதைக் கேட்டு விடைத்தாளில் எழுதிவிடுகின்றனர். அது பொருந்தாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்த நிலை பாலை என்று சிலப்பதிகாரம் கூறும். அங்கே பயிர்த்தொழில் இல்லை, வழிப்பறி உண்டு, பாடலில் அது கடந்துபோகும் வழியாகவே வரும். இங்கோ உழவு இருக்கிறது; வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கும் மானாவாரி, அதாவது கிணற்றுப் பாசனமோ கால்வாயோ இன்றி வானத்தை மட்டும் பார்த்துச் செய்யும் வேளாண்மை. கண்மாய் நிரம்பும் ஆண்டில் நன்செயும் கொஞ்சம் உண்டு. கம்பு, குதிரைவாலி, பருத்தி, உளுந்து, மல்லி விளையும் இந்நிலம், வரகும் சாமையும் ஆடும் மாடும் மழைக்காலக் காத்திருப்பும் சேர்ந்த முல்லைக்குத்தான் கிட்டத்தில் நிற்கிறது. பாலை என்ற பட்டத்தை விட்டுவிட்டுப் படிக்கும் மாணவருக்கு, மழையைப் பற்றிய பாடல்கள் எல்லாம் வேறு தீவிரத்துடன் கேட்கத் தொடங்கும்.

ஓரேருழவனாரின் குறுந்தொகை 131ஆம் பாடலை எடுத்துக்கொள்ளலாம். வினை முடித்துத் திரும்பும் தலைவன், கார்காலம் வந்துவிட்டதைக் கண்டு, காதலியின் ஊர் இன்னும் தொலைவில் இருக்க, தன் நெஞ்சு படும் பதற்றத்தைச் சொல்கிறான். ஈரம் பட்ட நிலத்தை உடைய ஒற்றை ஏர் உழவனின் விரைவு போன்றது அது என்கிறான். ‘ஓர் ஏர்’ என்பதைத் தனிமைக்குக் குறியீடாகக் கொண்டு, தலைவன் தனியாக வாடுகிறான் என்று எழுதும் விடைகள் உண்டு. டிராக்டர் வந்தபின் பிறந்த மாணவரை இதற்குக் குறைசொல்ல இயலாது. ஆனால் மானாவாரி வீட்டில் வளர்ந்தவர், உழவைச் செய்தவரிடம் கேட்டால் உடனே விடை கிடைக்கும். கரிசல் மண் மழை பெய்த மறுநாள் ஏரில் அப்பிக்கொள்ளும், உழ முடியாது. சில நாள் வெயில் சுள்ளென்று அடித்துவிட்டால் கட்டிதட்டிக் கல்லாகிவிடும், அப்போதும் உழ முடியாது. இரண்டுக்கும் நடுவே ‘பதம்’ என்று சொல்லப்படும் சில நாட்களுக்குள் காடு முழுவதையும் உழுது விதைத்தாக வேண்டும். நாலு ஏர் உள்ளவர் ஒரே நாளில் முடித்துவிடுவார். ஒரே ஏர் உள்ளவருக்கு இரவல் ஏரும் அந்த நாட்களில் கிடைக்காது, ஏனெனில் ஊரில் எல்லாருக்கும் அதே பதம்தான். அவர் பொழுது விடியுமுன் இறங்கி, உழுத பகுதியைவிட உழாத பகுதி பெரிதாகவே தெரிய, காய்ந்துகொண்டிருக்கும் மண்ணின்மேல் ஓடுகிறார். தொல்காப்பிய உவமவியல் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்கு அடிப்படைகளில் வகுக்கிறது. மெய் வடிவத்தையும் உரு நிறத்தையும் குறிக்கும். தனிமை என்று எழுதியவர் ஓர் உழவன், ஓர் ஏர் என்னும் வடிவைப் பார்த்தார். பாடலோ வினையைப் பார்க்கச் சொல்கிறது. பாடலின் தொனி ஏக்கம் அன்று, அவசரம். அதிலும் கையில் உள்ள கருவி போதாமையால் வரும் அவசரம். காதலுக்கு ஈடாக ஓர் ஏழை உழவனின் நெருக்கடியைக் கொண்டுவந்த அப்புலவர் உழவை வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தவராக இருக்க முடியாது.

செம்புலப்பெயனீராரின் 40ஆம் பாடல் இன்று திருமண அழைப்பிதழ்களில் ஏறிப் பெருமைப் பிரகடனம் போல ஆகிவிட்டது. மாணவரும் அதைக் காதலின் வெற்றிமுழக்கமாகவே படிக்கின்றனர். ரிச்சர்ட்ஸ் சொன்ன முதற்பிழை, தயாராக வைத்திருந்த உணர்ச்சி, இங்கே அப்படியே நிகழ்கிறது. கூற்றுக் குறிப்பு தரும் சூழல் வேறு. கூடியபின், இவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகத்தில் அந்த அச்சத்தின் குறிப்பைக் கண்ட தலைவன் பேசுகிறான். அவன் தாயர், தந்தையர், அறிமுகம் என்று உறவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றும் முன்பு இருந்ததில்லை என்று மறுப்பது, அவள் அஞ்சுவதற்கு உள்ள காரணங்களையே வரிசையாக ஒப்புக்கொள்வதாகும். அந்த அச்சத்தை மறுக்காமல் ஏற்று, அதன்பின் மண்ணையும் மழையையும் காட்டுவதால் அவன் குரல் தணிந்த குரல், தேற்றும் குரல்.

உவமைக்கு அவன் செம்மண்ணை ஏன் எடுத்தான் என்பதை விளக்க, கரிசலும் செவலும் அடுத்தடுத்துக் கிடக்கும் இவ்வட்டாரத்தைவிட நல்ல வகுப்பறை கிடையாது. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசலில் முதல்மழை பெய்தால், நீர் வெடிப்புக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. மண் ஊறி உப்பி வெடிப்பை மூடிக்கொள்ள நேரமாகிறது, அதன்பிறகே மேலே நீர் தேங்குகிறது. செவக்காட்டில் அப்படி இல்லை. விழுந்த முதல் நீரே இரும்புச்சத்து மிக்க மண்ணின் நிறத்தை வாங்கிக்கொண்டு சிவப்பாக ஓடுகிறது; ஒரு கணத்துக்கு முன் வானத்தில் இருந்த நீர் எது, மண் எது என்று பிரிக்க முடியாது. நீண்ட பழக்கத்தால் வரும் சேர்க்கையைச் சொல்ல வந்திருந்தால் கரிசலே பொருத்தமாக இருந்திருக்கும். அறிமுகமே இல்லாத இருவர் கண்டவுடன் கலந்ததைச் சொல்லச் செம்மண்தான் வேண்டும். ‘சிவப்பு காதலின் நிறம்’ என்று எழுதும் மாணவர் உருவோடு நின்றுவிடுகிறார். இரண்டு மண்ணிலும் மழையில் நடந்தவர் வினைக்கு வந்துவிடுவார்.

இதே மண்ணறிவு தொனியைத் திருத்தும் வேறோர் இடம் அணிலாடு முன்றிலாரின் 41ஆம் பாடல். காதலன் உடனிருந்தால் திருவிழாக் கொண்ட ஊர்போல மகிழ்வதாகவும், அவன் பிரிந்தால் மக்கள் விட்டுப்போன சிற்றூரில் அணில் விளையாடும் முற்றத்தையுடைய தனித்த வீடுபோலப் பொலிவிழப்பதாகவும் தலைவி தோழியிடம் கூறுகிறாள். அணில் விளையாடுவதால் இது மகிழ்ச்சியான காட்சி என்று எழுதும் மாணவரின் விடை தவறுதான்; ஆனால் அசட்டையாகச் சிவப்பு மையில் அடித்துவிடத் தக்க தவறு அன்று. அவர் காட்சியின் வெளிப்பக்கத்தைச் சரியாகவே பார்த்திருக்கிறார். இடிந்த சுவரோ, ஆந்தையோ, நெருஞ்சியோ காட்டி வெறுமையைச் சொல்வது எளிது. இப்புலவர் துள்ளி ஓடும் சிற்றுயிரைக் காட்டுகிறார். பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு வெளியூர் போனவர்களின் பூட்டிய வீடுகள் உள்ள தெருவில் வளர்ந்தவருக்கு இதில் விளக்கம் தேவைப்படாது: ஆள் நடமாட்டம் உள்ள முற்றத்தில், தானியம் காயும் இடத்தில், பெருக்குமாற்றுக்கும் நாய்க்கும் பயந்து வந்து வந்து ஓடும் அணில், நடு முற்றத்தில் நின்று விளையாடுகிறதென்றால் அங்கே விரட்ட ஒருவரும் இல்லை. எதுவும் சிதையவில்லை, வீடு நிற்கிறது, முற்றமும் இருக்கிறது. தலைவியும் அப்படியே, உண்கிறாள், நடமாடுகிறாள், தோழியோடு பேசுகிறாள். இவள் இழப்பைச் சொல்லும் குரல் அழுகையின் உச்சத்தில் இல்லை, அதற்குப் பின்னால் வரும் வெறுமையில் இருக்கிறது. கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதி போன்ற நூல்கள் சங்க இலக்கிய வகுப்பில் மேசைமேல் இருக்க வேண்டியவை என்று தோன்றுவது, நிலத்துப் பேச்சும் அனுபவமும் பாடலைத் திறக்கும் இத்தகைய இடங்களில்தான்.

நிலத்தின் அனுபவம் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று கொள்வதும் ஆபத்து. ரிச்சர்ட்ஸ் குறித்த இரண்டாம் பிழை, சொந்த நினைவு குறுக்கிடுவது, அங்கேதான் காத்திருக்கிறது. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் 37ஆம் பாடலில், தலைவன் செல்லும் வழியில் ஆண்யானை தன் பிடியின் பசியைப் போக்க யா மரத்தின் பட்டையை உரித்துக் கொடுக்கும் காட்சி வருகிறது. கருப்பொருளிலிருந்து, நேர்ப்பொருளுக்குப் புறத்தே, குறிப்பாகத் தோன்றும் பொருளாகிய இறைச்சிக்குப் பலரும் காட்டும் எடுத்துக்காட்டு இது. யானையின் அன்பைக் காணும் தலைவன் தன் துணையை நினைத்துத் திரும்புவான் என்பது குறிப்பு. யானையும் யா மரமும் கரிசல் காட்டில் இல்லை. இதில் மாணவர் நூலைத்தான் நம்ப வேண்டும். பேசுபவள் தோழி, கேட்பவள் வாடும் தலைவி, காட்சி தோழி கண்டதும் அன்று, தேற்றுவதற்காக அவள் எடுத்துக்காட்டும் காட்சி என்ற அளவு தெரிந்தால் போதும்.

விளக்கம் எந்த எல்லைவரை போகலாம் என்பது தமிழில் ஏற்கெனவே வெளிப்படையாக மோதிப் பார்த்த வழக்கு. நப்பூதனார் பாடிய 103 அடி முல்லைப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், பாட்டின் தொலைவான பகுதிகளைப் பிரித்துக் கூட்டி, தாம் கொண்ட இலக்கண முறைக்கு ஏற்பப் பொருள் கொண்டார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த மறைமலையடிகள், மாணவர் பயில்வதற்கென 1903இல் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் அதை மறுத்தார். புலவர் வைத்த வரிசையே பாட்டின் உணர்ச்சியை நடத்துகிறது என்பது அவர் நிலை. நச்சினார்க்கினியரின் பெரும்புலமைக்கு முன் இந்த மறுப்பை வைத்தது எளிய செயல் அன்று. தொனியைப் பொறுத்த அளவில் மறைமலையடிகள் பக்கமே நியாயம் இருக்கிறது. பாட்டின் வரிகளை இடம் மாற்றினால் கருத்துச் சிதையாமல் இருக்கலாம், ஆனால் வீட்டில் காத்திருக்கும் தலைவியிடமிருந்து தலைவன் இருக்கும் பாசறைக்குப் பாட்டு எப்போது நகர்கிறது என்பது மாறிவிடும்.

அப்பாட்டிலேயே ஒரு விளக்கவுரை நடைபெறுகிறது. மழை பெய்த மாலையில், போருக்குச் சென்ற தலைவன் வருவானா என்று அறிய, முதிய பெண்கள் ஊர்ப்புறத்தில் போய் விரிச்சிக்காகக் காத்திருக்கின்றனர். தமக்கென்று சொல்லப்படாத ஒரு சொல் தற்செயலாகக் காதில் விழுந்தால், அதைத் தம் கேள்விக்கு விடையாகக் கொள்வது விரிச்சி. அங்கே குளிரில் கைகளைத் தோளில் கட்டிக்கொண்டு நிற்கும் ஆயர்மகள் ஒருத்தி, கட்டிப்போட்ட கன்று சுழல்வதைக் கண்டு, தாய்மார் இப்போது வந்துவிடுவர் என்று கன்றிடம் சொல்கிறாள். கன்றுக்குச் சொன்ன ஆறுதலைப் பெண்கள் தலைவிக்குரிய நற்சொல்லாக எடுத்துக்கொண்டு வந்து, திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லித் தேற்றுகின்றனர். கேட்பவரை மாற்றியதால் தொனியும் மாறியது. ஆயர்மகளின் வாயில் அன்றாடச் சொல்லாக இருந்தது, தலைவியின் வீட்டில் தெய்வக்குறிப்பாகிவிட்டது. தலைவி அதை ஏற்றுத் தேறவில்லை, அழுகை நிற்கவில்லை. பாட்டின் முடிவில் தலைவனின் தேர் வந்துவிடுகிறது என்பதால், பெண்கள் கொண்ட பொருள் சரியென்று ஆகிவிடுமா, அல்லது அவர்கள் பிழையாகக் கேட்டது தற்செயலாக நடந்ததா என்பதை நப்பூதனார் எங்கும் சொல்லவில்லை. இந்த வினாவை மாணவரிடம் கொடுத்து, விடையைத் தலைப்புகள் இல்லாமல், யார் யாரிடம் எந்த இடத்தில் சொன்னது என்பதை மட்டும் ஆதாரமாகக் காட்டி இரண்டு பக்கத்தில் எழுதச் சொல்லலாம்.